நெஞ்சில் நின்றுபோன அப்பம்

இயேசுவுக்குள் அன்பானவர்களே, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்ட ஒருத்தி இதை எழுதுகிறேன். என் பெயர் லில்லி. வயது நாற்பத்து மூன்று. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் குடியிருக்கிறோம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் தேவதாஸ் லோடு வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் காலேஜில் படிக்கிறாள். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். நான் அப்படி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துவிட்டு யாரும் என்னைத் திட்டக் கூடாது.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆவணி முகூர்த்த நேரம். கடையில் நிற்க இடமில்லை. மதியம் அவசர அவசரமாக இரண்டு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அது கீழே போகவில்லை. நெஞ்சுக்கு நடுவில் அப்படியே நின்றது. வேகமாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைத்தேன். மறுநாளும் நின்றது. ஒரு மாதத்தில் இட்லி நின்றது, ரசம் சாதம் நின்றது, கடைசியில் வெறும் தண்ணீரும் நின்றது. சாப்பிட்டது எதுவும் புளித்துக்கூடப் போகாமல் அப்படியே திரும்பி வரும். படுத்தால் மூக்கு வழியாக வரும். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன்.

முதலில் கேஸ் என்றார்கள். மாத்திரையும் சிரப்பும் தந்தார்கள். ஓம வாட்டர் குடித்தேன், சீரகம் மென்றேன். பிறகு அல்சர் என்றார்கள். பிறகு ஒருவர், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று தேவதாஸை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவம், அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து, தான் என்ன செய்தோம் என்று என்னையே கேட்டார். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. அறுபத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்தைந்துக்கு வந்தேன். ஜாக்கெட்டை எல்லாம் நாலு தரம் பிடித்துத் தைத்தேன்.

கடையில் இன்னொரு கஷ்டம் இருந்தது. எங்கள் வேலையில் முகூர்த்தப் புடவை அமைந்துவிட்டால் பெண் வீட்டார் சந்தோஷத்தில் இனிப்பு கொடுப்பார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் அம்மா லட்டை என் வாயிலேயே வைத்துவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னால் துப்ப முடியுமா? சிரித்துக்கொண்டே எழுந்து, புடவைகள் அடுக்கியிருக்கும் உள் அறைக்குப் போய், மூச்சுத் திணறித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படியே செத்துப்போய்விடுவேன் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியது.

அன்றிலிருந்து யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், இன்றைக்கு நான் உபவாசம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை. கடையில் சொன்னேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சொன்னேன். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அங்கேயும் சொன்னேன். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, பத்து வெள்ளி. சபையில் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வரன் அமையாதவர்கள், வேலை கிடைக்காதவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, சிஸ்டர், உங்க உபவாசத்துல எங்களையும் நினைச்சுக்குங்க என்று கேட்டார்கள். நான் மெலிந்துபோனதைப் பார்த்து, சரீரத்தை ஒடுக்குகிறவள் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார். மைக்கில் என் பெயர் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே ஒரு பருக்கை இறங்காமல் துடித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே பரிசுத்தவாட்டி என்ற பெயர். வியாதி கொடுத்த ஒரே லாபம் அதுதான். அதையும் விட மனசு வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் தப்பிக்க முடியாது. அன்றைக்குத் திருவிருந்து, இயேசுவின் சரீரமாக அப்பம் வாங்குகிற நாள். எங்கள் சபை சின்னது. வாடகை வீட்டு மாடியில் கூடுகிறோம். வேறு சபைகளில் தருவது போல வாயில் வைத்ததும் கரைகிற மெல்லிய அப்பம் எங்களிடம் இல்லை. ஒரு சகோதரி வீட்டில் மாவு பிசைந்து தடிமனாகச் சுட்டுக்கொண்டு வருவார். பாஸ்டர் அதைப் பிட்டுத் தருவார். அதை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். பாட்டு ஆரம்பித்து எல்லோரும் கண்ணை மூடியதும் கைக்குட்டையில் துப்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைப்பேன். தகுதி இல்லாமல் அந்த அப்பத்தில் கை வைத்தால் தண்டனை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஆண்டவருடைய சரீரம் எனக்குள் வர மறுக்கிறது என்றுதான் நினைத்தேன். மற்ற சாப்பாடும் இறங்கவில்லையே என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்ததும் தேவதாஸ் என் பேச்சைக் கேட்காமல் சென்னைக்கு, ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே பை போல வீங்கி, கீழே ஊசி முனையாகக் குறுகி நின்றது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய ட்யூப் விட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அளந்தார்கள். வியாதிக்கு அக்கலேசியா என்று பெயர். இரண்டு வருஷமாகப் பெயர் இல்லாமல் இருந்த சனியனுக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

சிகிச்சை பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். என் மகளைவிடப் பதினைந்து வயது கூட இருக்கலாம். அதிகம் சிரிக்காதவர். அவர் பொறுமையாகச் சொன்னார். உணவுக்குழாய் வயிற்றில் சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு சதை இருக்கிறதாம். நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழி விட வேண்டும். எனக்கு அது தளரவே இல்லையாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பி குழாயை விட்டு, உணவுக்குழாயின் உள்தோலுக்கு அடியில் ஒரு பாதை போட்டு, இறுகிய சதையை மட்டும் வெட்டிவிடலாம் என்றார். அதைப் போயம் என்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

இது ஏன் எனக்கு வந்தது என்று கேட்டேன்.

"அங்க இருக்கிற நரம்பு செயலிழந்து போயிடுதும்மா. ஏன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியாது" என்றார்.

டாக்டருக்கே தெரியாதென்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பாவம்தான் காரணம். பஸ்ஸில் ஊர் வரும்வரை அதையே நினைத்து அழுதேன்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு மாலையே வந்து அட்மிட் ஆக வேண்டும். வெள்ளியிலிருந்து தெளிந்த தண்ணீர் ஆகாரம் மட்டும், கஞ்சிகூடக் கூடாது, உள்ளே ஒரு துணுக்கும் இருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இளநீர், வடிகட்டிய ஜூஸ் என்று சரியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு.

காலையில் ஆராதனைக்குப் போனேன். சென்னைக்குப் போகிறவள் என்று பாஸ்டர் எனக்கு மற்றவர்களைவிடப் பெரிய துண்டாகப் பிட்டுக் கொடுத்தார். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் துப்பிவிட்டு எந்த முகத்தோடு ஆபரேஷனுக்குப் போவது? ஆண்டவரே, இதை மட்டும் உள்ளே விடும், நீர் என்னைத் தள்ளவில்லை என்று நம்புகிறேன் என்று சொல்லி, மென்று, தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்கினேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலித்தது. ஆனால் திரும்பி வரவில்லை. மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அற்புதம் நடந்துவிட்டது என்று தேவதாஸிடம்கூடச் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மாலையில் வார்டில் நர்ஸ் கேட்டார், மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க என்று. தண்ணீர் ஆகாரம் மட்டும்தான் என்றேன். காலையிலிருந்து கட்டியாக எதுவும் சாப்பிடவில்லையே என்று மறுபடியும் கேட்டார். அந்த நேரத்தில் அப்பம் என் நினைவுக்கு வந்தது. மறந்துபோனேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நினைவுக்கு வந்தது. ஆனால் கர்த்தருடைய சரீரத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதா, அது அவிசுவாசம் இல்லையா என்று நினைத்தேன். இல்லை என்றேன்.

மறுநாள் மயக்கம் கொடுத்துக் குழாயை உள்ளே விட்டபோது அந்த அப்பம் அங்கேயேதான் இருந்தது. இறங்கவில்லை. அடியில் ஊறிப்போய்க் கிடந்திருக்கிறது. அதில் கொஞ்சம் மேலே ஏறி மூச்சுக்குழாயில் போய்விட்டது. ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். நான் கண் விழித்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மாலைக்குள் காய்ச்சல். நுரையீரலில் நிமோனியா.

டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, மாவு போல ஏதோ இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"சொல்லியிருந்தா ஒரு நாள் தள்ளி வெச்சு, சுத்தம் பண்ணிட்டு செஞ்சிருப்பேனேம்மா. சாமி விஷயம்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி ஊசியைவிட வலித்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. மூக்கில் ட்யூப் போட்டு அதன் வழியாகத்தான் ஆகாரம். இருமினால் விலா எலும்பு கழன்றுவிடும் போல இருக்கும். எடை முப்பத்தெட்டு. நிமோனியா போய், உடம்பு தேறினால்தான் மறுபடி பார்க்க முடியும் என்றார்கள். தேறாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்விட ஒரு நினைப்புதான் என்னைக் கொன்றது. விசுவாசத்தோடு விழுங்கிய ஒரே அப்பம், அதுவே என்னைச் சாகடிக்கப் பார்த்தது. இனி என்னத்தைச் சொல்லி ஜெபிப்பது? நான் ஜெபிக்கவில்லை. உண்மையாகவே ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. மகள் பார்க்க வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லை. என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் இவர்களாவது வேலையைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு, ஆராதனை நேரத்தில் தேவதாஸ் பாஸ்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் என் தலைமாட்டில் வைத்தார். அந்தப் பக்கம் பாஸ்டர் போனை மைக்கில் பிடித்திருக்கிறார். சபை முழுக்க எழுந்து நின்று எனக்காக ஜெபித்தது. ரெண்டு வருஷமாக நமக்காக உபவாசம் இருந்த சகோதரி, அந்த உபவாசத்தை நினைத்தருளும் ஆண்டவரே என்று பாஸ்டர் அழுது ஜெபித்தார். என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"பாஸ்டர், நிறுத்துங்க. நான் ஒருநாள்கூட உபவாசம் இருக்கல. என்னால முழுங்க முடியல, அதான் சாப்புடல. நீங்கல்லாம் பெருமையா பேசுனது நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல. அப்பத்தக்கூட கைக்குட்டையில துப்பிக்கினு இருந்தேன்."

போனில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேவதாஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கே அப்போதுதான் முழுக்கத் தெரியும். பிறகு போனில் ஒரு பெண் குரல். கிருபா. ஆராதனையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். தையல் கடை வைத்திருக்கிறாள். என் வயதுதான்.

"தெரியும் லில்லி. பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன், கைக்குட்டைய பாத்தேன். நீயே வாயத் தொறந்து சொல்லணும்னு தினமும் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருஷமாவா? ஒரு வாட்டி என்னைக் கேட்டிருக்கலாமேடி" என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுதால் மூக்கு ட்யூப் வலிக்கும். வலித்தாலும் அழுதேன். இரண்டு வருஷமாகத் துப்பித் துப்பி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

மறுநாள் காலை கிருபா முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கடையை மூடிவிட்டு வந்து பன்னிரண்டு நாள் என்னோடு இருந்தாள். சத்தமாக ஜெபிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தலை சீவிவிட்டாள், துணி மாற்றிவிட்டாள், இருமும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி என் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுத் தரையில் படுத்தாள். ஆண்டவர் எங்கே இருக்கிறார் என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். எனக்கும் தெரியல, நான் இங்கதான் இருக்கேன் என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

காய்ச்சல் இறங்கியது. மார்ச் கடைசியில் மறுபடி ஆபரேஷனுக்குத் தேதி வைத்தார்கள். அதே நர்ஸ் வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எச்சில் விழுங்கியதைத் தவிர எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பிறகு சந்தேகம் வந்து எச்சிலையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

தியேட்டருக்குள் போகும்போது எனக்குப் பெரிய விசுவாசம் ஒன்றும் இல்லை. இந்தத் தடவையும் ஏதாவது நடக்கும் என்றுதான் நினைத்தேன். ஆண்டவரே, என்னிடம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மயங்கிவிட்டேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆனதாகத் தேவதாஸ் சொன்னார். கண் விழித்தபோது நெஞ்சில் வலி, தொண்டை வறட்சி. மறுநாள் மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரேயில் பார்த்து, எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டாக்டர் என் கையில் சின்ன டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். ஒரு மடக்கு குடித்தேன். வழக்கம் போல அது நெஞ்சில் நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. போய்விட்டது. எங்கே போனது என்று எனக்கே புரியவில்லை. குடிங்கம்மா என்றார் டாக்டர். இன்னொரு மடக்கு. அதுவும் போனது. டம்ளர் காலி ஆனது. தேவதாஸ் வெளியே வராண்டாவுக்குப் போய்விட்டார். அவர் அழுவது எனக்குக் கேட்டது. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

இது யாருடைய ஜெபத்துக்குப் பதில் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நான் இரண்டு வருஷம் அற்புத சுகம் கேட்டேன், வரவில்லை. அப்பம் இறங்கட்டும் என்று கேட்டேன், இறங்கவில்லை. ஆனால் கிருபா, நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அது நடந்தது. அந்த ஜெபத்துக்குப் பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அவள் ஜெபத்துக்கு வந்த பதில் நான்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது. பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது ஸ்தோத்திரம் சொல்கிறேன். அந்த டாக்டரின் கைகளுக்காகவும் சொல்கிறேன். அந்தக் கைகளுக்கு அறிவைக் கொடுத்தவருக்கும் சொல்கிறேன்.

இன்றைக்கு ஐம்பத்திரண்டு கிலோ இருக்கிறேன். கடைக்குப் போகிறேன். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை உண்டு. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். சபையில் என்னிடம் ஜெபம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். முன்பு என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் சிலர் இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் போன மாதம், மூன்று வாரமாகச் சாப்பிடாமல் எழுந்து போய்க்கொண்டிருந்த ஒரு இளம் சகோதரியின் பின்னாலேயே மாடிப்படி இறங்கிப் போனேன். உனக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லவில்லை. என்ன பிரச்சனை என்று நேராகக் கேட்டேன். படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அது என்ன என்று எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டிய சாட்சி.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா, அல்லது வேறு எதுவோ நிற்கிறதா, ஆண்டவரை நம்புங்கள். அவர் என்னைப் போன்றவளையே கைவிடவில்லை. ஆனால் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் மறைக்காதீர்கள். கேட்கிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களே, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டே இருக்காதீர்கள்.

சில பேருக்கு வருஷங்கள் கழித்து இந்தத் தொல்லை திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் முதல் கவளத்தை விழுங்கும்போது அந்த பயம் வருகிறது. இறங்கிய பிறகுதான் இரண்டாவது கவளத்தை எடுக்கிறேன். ஒருநாள் அது நின்றால், அன்றைக்கே தேவதாஸிடம் சொல்வேன், கிருபாவிடம் சொல்வேன், டாக்டரிடம் போய்ச் சொல்வேன். ஆண்டவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.